ஒற்றைப் படிகத்தில் காந்த நீக்குத்திறன்: அளக்கும்போது ஏமாற்றுபவை

(நீக்குத்திறன்: காந்தமாக்கத்தைப் பூச்சியமாக்கத் தேவையான எதிர்ப்புலம். கம்பிச்சுருள், ஹீலியம், உலைக்கூடம் ஆகியவை இங்கே பேசுகிறவர்களின் புனைபெயர்கள்.)

கம்பிச்சுருள்:
இரும்பு ஒற்றைப் படிகக் கோளத்தை விஎஸ்எம்மில் (மாதிரியை அதிரவைத்துக் காந்தமாக்கத்தை அளக்கும் கருவி) வைத்தால் தயக்க வளையம், அதாவது புலம் ஏறும்போதும் இறங்கும்போதும் காந்தமாக்கம் வெவ்வேறு பாதையில் போகும் வளைவு, தெரியாது, சாய்ந்த கோடுதான் வரும். கருவியில் கோளாறு இல்லை. கோளத்தின் டீமேக்னடைசேஷன் காரணி (மாதிரியின் வடிவத்தால் உள்ளே எழும் எதிர்ப்புலத்தின் அளவு) 1/3; ஆகவே கோட்டின் சரிவு 3, நிறைவுக்கு, அதாவது காந்தமாக்கம் உச்சத்தைத் தொட, 0.72 டெஸ்லா வேண்டும். நீக்குத்திறன் 80 ஆம்பியர்/மீட்டர் என்று வையுங்கள். ஏறும் கிளைக்கும் இறங்கும் கிளைக்கும் இடையே உயரம் 480 ஆம்பியர்/மீட்டர். நிறைவு மதிப்போ 17 லட்சம்! 0.03% இரைச்சலில் மூழ்கிவிடும். அதே படிகம் விட்டத்தைப்போல் 10 மடங்கு நீளமுள்ள தண்டாக இருந்தால் காரணி சுமார் 0.02, இடைவெளி 8,000.

காந்தமாக்கம் பூச்சியமாகும் இடத்தில் டீமேக்னடைசிங் புலமும் பூச்சியம். அதனால் நீக்குத்திறனுக்கு வடிவத் திருத்தம் வேண்டாம். தேக்குத்திறனுக்கு (புலத்தை நீக்கிய பின் எஞ்சும் காந்தமாக்கம்) கட்டாயம் வேண்டும். திருத்தாமல் அட்டவணையில் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஹீலியம்:
மீக்கடத்தி காந்தம் உள்ள கருவி என்றால் இன்னும் மோசம். 5 டெஸ்லா வரை போய்த் திரும்பினால் சுருளுக்குள் சிக்கிய காந்தப்பாயத்தால் சில பத்து எர்ஸ்டெட் பிழை தங்கும். திரையில் காட்டும் புலம் மின்னோட்டத்திலிருந்து கணக்கிட்டது, அளந்தது அல்ல. தேடுவதோ 1 எர்ஸ்டெட், அதாவது மேலே சொன்ன 80 ஆம்பியர்/மீட்டர். வளையம் தலைகீழாகவே வரும், அதைப் புதுக் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிட வேண்டாம். தயக்கம் இல்லாத பல்லேடியம் துண்டை அதே புல வரிசையில் ஓட்டி உண்மைப் புலத்தைத் திருத்தலாம். இரும்பு போல நீக்குத்திறன் குறைந்த மென்காந்தத்துக்கு நல்லது இரும்பு உள்ளகம் இல்லாத சொலினாய்டு (நீளச் சுருள்). கிழக்கு மேற்காக வையுங்கள். புவிப்புலமே 20 முதல் 50 ஆம்பியர்/மீட்டர்.

உலைக்கூடம்:
வெட்டிய காயம் ஆறாமல் அளந்தால் கிடைப்பது படிகத்தின் எண் அல்ல, ரம்பத்தின் எண். ஸ்பார்க் அரிப்பில் வெட்டி, சேதமான மேல்தோலை எலக்ட்ரோபாலிஷில் கரைத்து, பிறகு ஹைட்ரஜனில் அனீல் செய்யுங்கள் (சூடாக்கி மெல்ல ஆறவிடுங்கள்). இரும்புக்கு 912 டிகிரியைத் தாண்டக்கூடாது. தாண்டினால் அமைப்பு மாறித் திரும்பும்போது ஒற்றைப் படிகம் பல துண்டாகிவிடும். கோபால்ட்டில் அந்த எல்லை சுமார் 420 டிகிரியிலேயே வந்துவிடுகிறது. நிக்கலுக்கு இந்தத் தொல்லை இல்லை.

கோபால்ட்டில் திசைமாற்றுப் புலம் (காந்தமாக்கத்தை மொத்தமாகத் திருப்பத் தேவையானது) 0.6 டெஸ்லாவுக்கு மேல் என்று கணக்கு சொல்லும். அளந்தால் நல்ல படிகத்தில் அதன் சிறு பங்குகூட வராது. பிரவுன் முரண் என்பது இதுதான்: காந்தமாக்கம் மொத்தமாகத் திரும்புவதில்லை, வெவ்வேறு திசையில் காந்தமான பகுதிகளுக்கு இடையிலான எல்லை, அதாவது டொமைன் சுவர், நகர்ந்துவிடுகிறது.

கம்பிச்சுருள்:
நிக்கலுக்கு வேறு தொல்லை உண்டு. [100] திசையில் (படிகக் கனசதுரத்தின் விளிம்புத் திசை) காந்தச்சுருக்கம், அதாவது காந்தமாகும்போது நீளம் குறைவது, 46 பிபிஎம் (பத்து லட்சத்தில் 46 பங்கு). எபாக்சியால் இறுக ஒட்டிக் குளிரவைத்தால் அழுத்தத்தால் நீக்குத்திறன் ஏறும். வேக்யூம் கிரீஸ் ஒரு பொட்டு போதும்.