முகத்தில் 68 புள்ளி வைக்கும் ப்ராஜெக்ட்: புள்ளிகள் எல்லாம் மூக்கோரம் குவிந்துவிடுகின்றன, யாராவது உதவுங்கள்

கொழிஞ்சாம்பாறை_மாணவி கேட்டது

வணக்கங்க. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருடம் படிக்கிறேன், ஊர் கொழிஞ்சாம்பாறை. அப்பா லாரி ஓட்டுகிறார். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி ஏற்றி, பொள்ளாச்சி, கோபாலபுரம் வழியாக எங்கள் ஊரைத் தாண்டி, விடிவதற்குள் திருச்சூரில் இறக்கிவிட்டு வெயிலோடு திரும்பி வருவார். போன வருடம் ஒருநாள் திரும்பி வந்தவர் வண்டியை நிறுத்திவிட்டு வெகு நேரம் இறங்காமலே உட்கார்ந்திருந்தார். ஆலத்தூர் பக்கம் ஒரு நொடி கண் சொக்கிவிட்டதாம், கிளீனர் அண்ணன் கத்தியதால்தான் தப்பித்தார்களாம். அன்றைக்கே முடிவு செய்த ப்ராஜெக்ட் இது. கேமரா டிரைவர் முகத்தைப் பார்க்க வேண்டும், முகத்தில் 68 புள்ளிகளைக் கண்டுபிடிக்க வேண்டும், கண் மூடியே இருந்தால் சத்தம் போட வேண்டும், அவ்வளவுதான்.

300-டபிள்யூ என்ற, 68 புள்ளிகளும் குறித்து வைத்த முகப்படத் தொகுப்பில் இருக்கும் பயிற்சிப் படங்களை எடுத்து, பைடார்ச் என்ற மென்பொருளில் சின்னதாக ஒரு சிஎன்என் (படங்களைப் பார்த்துக் கற்கும் நியூரல் நெட்வொர்க்) எழுதினேன். 3148 படம்தான் இருக்கிறது என்பதால் பாதிப் படங்களைத் திருப்பியும் சுழற்றியும் கொடுத்தேன். லாஸ், அதாவது மாடலின் பிழை அளவு, கொஞ்சம் இறங்குகிறது, அப்புறம் நகரவே இல்லை. லேர்னிங் ரேட்டை (ஒவ்வொரு தடவையும் மாடல் தன்னை எவ்வளவு திருத்திக்கொள்கிறது என்பதை) குறைத்துப் பார்த்தேன், லேயர் கூட்டினேன், மூன்று நாள் ஓட்டியும் பயனில்லை. புதுப் படம் கொடுத்தால் எல்லாப் புள்ளியும் மூக்குத்தண்டு ஓரமாக ஒடுங்கிய முகம் மாதிரி வந்து நிற்கிறது. புருவம் புருவ உயரத்தில்தான் இருக்கிறது, வாய் வாய் உயரத்தில்தான் இருக்கிறது, ஆனால் அகலமே இல்லை. ரிவ்யூவுக்கு இன்னும் பதினெட்டு நாள்தான். லேபில் கேட்டால் ரெடிமேட் மாடல் எடுத்துப் போடு என்கிறார்கள். எனக்கு அது எங்கே தப்பு என்று தெரிந்துகொள்ள வேண்டும். சொல்லுங்க, ப்ளீஸ்.

காக்கநாடு_அண்ணன் பதில்

தங்கச்சி, உன் கேள்வியிலேயே விடை இருக்கிறது. "உயரம் சரி, அகலம் இல்லை" என்று நீ கவனித்து எழுதிய அந்த ஒரு வரி போதும். பெரும்பாலும் லேயரிலும் லேர்னிங் ரேட்டிலும் ஒரு குற்றமும் இருக்காது. படத்தைத் திருப்பும்போது புள்ளிகளின் எண்ணை மாற்றாமல் விட்டிருப்பாய்.

எப்படி என்று பார். பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 36 என்பது அந்த ஆளின் வலது கண்ணின் வெளி ஓரம், 45 என்பது இடது கண்ணின் வெளி ஓரம். படத்தைக் கண்ணாடியில் காட்டுவது போலத் திருப்பினால் எக்ஸ் மதிப்பை அகலத்திலிருந்து கழிக்கிறாய் அல்லவா, அதை நீ சரியாகவே செய்திருப்பாய், எல்லோரும் செய்வார்கள். ஆனால் திருப்பிய பிறகு 36 என்று பெயர் வைத்த புள்ளி போய் இடது கண் இருக்க வேண்டிய பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். மனித முகம் ஏறக்குறைய இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, அதனால் திருப்பிய படமா திருப்பாத படமா என்று மாடலுக்குத் தெரிய வழியே இல்லை. ஒரே இடத்தைக் காட்டி ஒருமுறை 36 என்கிறாய், அடுத்த முறை 45 என்கிறாய். பாதிக்குப் பாதி. நீ வைத்திருக்கும் லாஸ் வித்தியாசத்தின் வர்க்கம் என்றால், அதைக் குறைக்க மாடலுக்கு இருக்கும் ஒரே வழி இரண்டுக்கும் நடுவில் புள்ளியை வைப்பதுதான். நடுவில் என்ன இருக்கிறது, மூக்குத்தண்டு. உயரத்தில் குழப்பம் இல்லை, இரண்டு கண்ணும் ஒரே உயரம், அதனால் ஒய் மட்டும் சரியாகப் படித்துக்கொண்டது. பாவம், அது நீ சொன்னபடிதான் கேட்டிருக்கிறது.

திருப்பிய பின் எண்களை ஜோடி ஜோடியாக மாற்று. தாடைக்கு 0-ம் 16-ம், 1-ம் 15-ம் என்று போகும், 8 அப்படியே இருக்கும். புருவம் 17-ம் 26-ம் என்று தொடங்கி 21-ம் 22-ம் வரை. மூக்கில் 31-35, 32-34 மட்டும், தண்டு மாறாது. கண்ணில்தான் கவனம் வேண்டும்: 36-45, 37-44, 38-43, 39-42, 40-47, 41-46. கடைசி இரண்டு ஜோடி கீழ் இமை, அதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள், கண்ணுக்கு உன் ப்ராஜெக்டில் இருக்கும் முக்கியத்துவத்துக்கு அது தப்பினால் எல்லாம் போச்சு. வாய் ஜோடிகளை நீயே எழுது, எழுதினால்தான் மனதில் நிற்கும்.

எழுதி முடித்ததும் மறுபடி மூன்று நாள் ஓட்டாதே. முதலில் இருபது படத்தைத் திருப்பி, புள்ளிக்குப் பக்கத்தில் எண்ணையும் எழுதிப் படமாகச் சேமித்துக் கண்ணால் பார். பிறகு அந்த இருபது படத்தை மட்டும் திருப்பாமல் கொடுத்து மாடல் மனப்பாடம் செய்கிறதா என்று பார். இருபதையே மனப்பாடம் செய்ய முடியவில்லை என்றால் வேறெங்கோ தப்பு இருக்கிறது, முகத்தை வெட்டி எடுத்த பிறகு புள்ளிகளை அந்த வெட்டுக்கு ஏற்பக் கழிக்காமல் விட்டது மாதிரி. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் இதே தப்பில் இரண்டு வாரம் போக்கினேன், கை எலும்புப் புள்ளிகள் அது, யாரும் சொல்லித்தரவில்லை.

கொழிஞ்சாம்பாறை_மாணவி

அண்ணா, கண் முன்னால் இருந்திருக்கிறது! எண் எழுதிப் பார்த்தேன், திருப்பிய படத்தில் 36 அந்தப் பக்கம் நிற்கிறது. சரி செய்துவிட்டு இருபது படம் ஓட்டினேன், அச்சாக உட்கார்ந்துவிட்டது. இப்போது முழுதாக ஓட விட்டிருக்கிறேன். கரண்ட் போகக் கூடாது.

அடுத்த சந்தேகம். கண் மூடியிருக்கிறதா என்று பார்க்க இணையத்தில் கிடைக்கும் நிரல்கள் எல்லாம் கண்ணின் உயரத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதத்துக்கு 0.3 என்று ஒரு எல்லை வைத்து, 48 பிரேம் தொடர்ந்து அதற்குக் கீழே இருந்தால் மணி அடிக்கின்றன. அப்பாவை வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்துப் பார்த்தேன், அவர் முழித்துக்கொண்டிருக்கும்போதே அடிக்கிறது. அவருக்கு இயல்பிலேயே சின்னக் கண்.

மீனாட்சிபுரம்_அக்கா பதில்

கண்ணு, அந்த 0.3 எவரோ ஒருவர் முகத்துக்கு ஒத்து வந்த எண். உங்கள் அப்பா முகத்துக்கு அதை வைத்தால் அப்படித்தான் ஆகும். நான் ஒரு கல்லூரி லேபில் இருக்கிறேன், ஒவ்வொரு வருடமும் இந்த 0.3-ஐ யாராவது கொண்டு வருகிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இந்தக் கணக்கு 2016-ல் பிராகில் இருந்த தெரெசா சௌகுபோவா, யான் செக் என்ற இரண்டு பேர் எழுதிய கட்டுரையில் வந்தது. ஒரு கண்ணுக்கு ஆறு புள்ளி. மேல் இமைக்கும் கீழ் இமைக்கும் இடையில் இரண்டு உயரங்களை அளந்து கூட்டி, கண்ணின் அகலத்தைப் போல இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். 36-லிருந்து 39 அகலம், 37-லிருந்து 41 ஒரு உயரம், 38-லிருந்து 40 இன்னொன்று. வகுப்பதால் டிரைவர் கேமராவுக்குக் கிட்டே வந்தாலும் தள்ளிப் போனாலும் எண் பெரிதாக மாறாது, அதுதான் இதன் அழகு. ஆனால் ஆளுக்கு ஆள் மாறும், தலையைக் குனிந்தாலும் மாறும். அவர்களே வெறும் எல்லை எண் போதாது என்று முன்னும் பின்னும் ஆறு ஆறு பிரேமைச் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு சொன்னார்கள். அந்தப் பகுதியை விட்டுவிட்டு எண்ணை மட்டும் ஊரெல்லாம் எடுத்துக்கொண்டுவிட்டது.

அதனால் வண்டி கிளம்பும் முன் ஒரு நிமிடம் அப்பாவை ரோட்டைப் பார்க்கச் சொல்லி, அவருடைய திறந்த கண்ணின் அளவை எடுத்து வைத்துக்கொள். அதில் எத்தனை பங்குக்குக் கீழே போகிறது என்று பார். அப்புறம் பிரேமை எண்ணாதே, நேரத்தை எண்ணு. இருட்டில் கேமரா வெளிச்சம் தேடி மெதுவாகிவிடும். பகலில் நொடிக்கு 30 பிரேம் எடுத்தது ராத்திரியில் 10 ஆனால், உன் 48 பிரேம் ஒன்றரை நொடியிலிருந்து ஐந்து நொடியாக நீண்டுவிடும். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் லாரி ஐந்து நொடியில் 80 மீட்டருக்கு மேல் போய்விடும். ஒவ்வொரு பிரேமோடும் அது எடுத்த நேரத்தைச் சேர்த்து வை.

தூக்கம் என்பது ஒரேயடியாகக் கண் மூடுவது மட்டும் இல்லை. ஒரு நிமிடத்தில் எவ்வளவு நேரம் கண் 80 சதவீதத்துக்கு மேல் மூடியிருந்தது என்று பார்க்கும் பெர்க்ளோஸ் என்ற அளவு இருக்கிறது, இந்தத் துறையில் ரொம்ப நாளாகப் புழங்குவது. அது ஏறத் தொடங்கும்போதே எச்சரித்தால், அப்பா திரும்பி வரும்போது ஆலத்தூர் வரை போகாமல் அதற்கு முன்னால் வரும் வடக்கஞ்சேரியிலேயே வண்டியை ஓரம் கட்டலாம்.

இன்னொன்று, ரிவ்யூவில் கட்டாயம் கேட்பார்கள். வீடியோவிலிருந்து பிரேம்களைக் கலைத்துப் போட்டு, பாதியைப் பயிற்சிக்கும் பாதியைச் சோதனைக்கும் வைத்தால் ஒரே ஆளின் முகம் இரண்டிலும் இருக்கும். 99 சதவீதம் என்று வரும், அதில் ஒன்றும் இல்லை. ஆளை வைத்துப் பிரி. சோதனைக்கு வைத்த ஆளின் ஒரு பிரேம்கூடப் பயிற்சியில் இருக்கக் கூடாது. டிரைவர்களிடம் எதற்குப் படம் எடுக்கிறாய், எப்போது அழிப்பாய் என்று சொல்லிக் கேட்டுவிட்டு எடு. முகம் அவர்களுடையது.

உன் மாடல் பதினெட்டு நாளுக்குள் தேறவில்லை என்றால் முகப் புள்ளிகளைக் கண்டுபிடிக்கும் ரெடிமேட் மென்பொருளான மீடியாபைப்பை வைத்து மிச்சத்தைச் செய், அது நானூற்றுக்கும் மேற்பட்ட புள்ளி தரும், சின்னப் போர்டிலும் ஓடும். எண்கள் முற்றிலும் வேறு, 36-ஐ அங்கே தேடாதே. டி-லிப் என்ற இன்னொரு ரெடிமேட் மென்பொருளை எடுத்தால் அதன் 68 புள்ளி மாடல் 300-டபிள்யூவில் பயின்றது, வணிகத்துக்கு அனுமதி இல்லை, படிப்புக்குப் பரவாயில்லை. உன்னுடையதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்டு, அந்த உழைப்பை ஒளிக்காதே.

கோபாலபுரம்_லோடு பதில்

எனக்கு இந்த எண் எல்லாம் தெரியாதும்மா. 22 வருடமாக அந்த ரோட்டில்தான் ஓட்டுகிறேன். நீங்கள் பேசியதில் விட்டுப்போனதைச் சொல்கிறேன்.

மார்கழி தையில் பாலக்காட்டுக் கணவாயில் அடிக்கும் காற்று உனக்கே தெரியும். கண்ணாடி ஏற்றிவிட்டாலும் இடுக்கில் வரும். நாங்கள் எல்லாம் துண்டை எடுத்துத் தலையைச் சுற்றி, காது தாடை எல்லாம் மூடித்தான் ஓட்டுவோம். உன் கேமராவுக்குத் தாடை தெரியாது, பாதி பேருக்கு நெற்றியும் தெரியாது. திண்ணையில் உட்கார வைத்தால் இது தெரியவராது. குதிரான் சுரங்கத்துக்குள் நுழைந்தால் இருட்டிலிருந்து பளீரென்று வெளிச்சம், வெளியே வந்தால் மறுபடி இருட்டு. எதிர்வண்டி லைட் முகத்தில் அடித்துவிட்டுப் போகும். காலையில் திரும்பி வரும்போது கிழக்கு வெயில் நேராகக் கண்ணில், நாங்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் வருவோம், அது தூக்கம் இல்லை. அப்போது உன் மணி அடித்துக்கொண்டே இருந்தால் இரண்டாவது நாளே ஒயரைப் பிடுங்கிவிடுவோம், உள்ளதைச் சொல்கிறேன்.

கேமராவை மேலே கண்ணாடியில் மாட்டாதே, குலுங்கும், மேலிருந்து பார்த்தால் எல்லோருக்கும் கண் பாதி மூடினாற்போல்தான் தெரியும். ஸ்டியரிங்குக்குப் பின்னால் மீட்டர் பக்கம் வை. அப்புறம், எந்தச் சோதனை செய்தாலும் வண்டி நிற்கும்போது செய். ஓடும் வண்டியில் அப்பா அந்தப் பெட்டியைத் திரும்பிப் பார்க்கக் கூடாது.

காக்கநாடு_அண்ணன்

அண்ணாச்சி சொன்ன துண்டு விஷயம் பெரியது. தங்கச்சி, 300-டபிள்யூ படங்களில் நம்மூர் ராத்திரி லாரி இல்லை. பயிற்சிப் படங்களின் தாடையையும் நெற்றியையும் துணி நிறத்துப் பட்டையால் மறைத்து, புள்ளிகளை மட்டும் அப்படியே விட்டுக் கொடு, மறைந்த தாடையை ஊகிக்கப் பழகிக்கொள்ளும். பிழை அளக்கும்போது 68-க்கும் சேர்த்து ஒரு சராசரி சொல்லாமல், கண்ணின் 12 புள்ளிகளுக்குத் தனியாகச் சொல். உனக்கு வேண்டியது அதுதான், தாடை கொஞ்சம் நழுவினால் யாருக்கும் நஷ்டம் இல்லை.

இருட்டுக்கு அகச்சிவப்புக் கேமராதான் வழி. ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினிப் போர்டுக்கு நோஐஆர் என்றே ஒரு கேமரா கிடைக்கிறது, கூட 940 நானோமீட்டர் விளக்கு வைத்தால் டிரைவர் கண்ணுக்கு அது கூசாது. படம் கறுப்பு வெள்ளையாக வரும், அதனால் பயிற்சியிலும் நிறத்தை எடுத்துவிட்டே கொடு. வெயில் கண்ணாடி போட்டிருந்தால் கண் தெரியாமல் போகலாம், முகமே கிடைக்காமலும் போகலாம். அப்போது "விழித்திருக்கிறார்" என்று எடுத்துக்கொள்ளாமல் "தெரியவில்லை" என்று தனியாக ஒரு நிலை வை.

கொழிஞ்சாம்பாறை_மாணவி

எல்லோருக்கும் நன்றிங்க. ராத்திரி முழுக்க ஓடி முடிந்தது, கரண்ட் போகவில்லை. முகம் முகமாக வருகிறது, கண் ஓரங்கள் நன்றாகவே உட்காருகின்றன, பக்கவாட்டில் திரும்பினால் மட்டும் தூரத்துக் கண் நழுவுகிறது. இன்றைக்கு அந்தத் துண்டுப் பட்டையைச் சேர்க்கிறேன்.

நேற்று சாயங்காலம் வண்டியை வீட்டு முன்னால் நிறுத்தி, மீட்டர் பக்கம் போனை வைத்து, அப்பாவைத் துண்டு கட்டச் சொல்லி ஒரு நிமிடம் படம் எடுத்தேன். அவருடைய திறந்த கண் 0.22 தான் வருகிறது. 0.3 வைத்தால் எப்படி ஒத்து வரும். கிளீனர் அண்ணனும் தன்னை எடுக்கச் சொன்னார், கோபாலபுரத்தில் இன்னும் ஐந்தாறு பேரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். கோபாலபுரம் அண்ணாச்சி, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அந்தப் பக்கம் வண்டியை நிறுத்துவீர்கள் என்றால் அப்பாவோடு வந்து உங்களையும் ஒரு நிமிடம் எடுத்துக்கொள்ளட்டுமா? துண்டோடு ஒன்று, துண்டு இல்லாமல் ஒன்று.

கோபாலபுரம்_லோடு

வாம்மா. செக்போஸ்ட் தாண்டி டீக்கடை ஓரம்தான் நிற்பேன், காலை ஏழுக்கு மேல். வெயில் முகத்தில் அடிக்கிற பக்கமாகவே வண்டியைத் திருப்பி நிறுத்தி வைக்கிறேன், அதையும் எடுத்துக்கொள்.