கராஜில் விட்ட கார் 31 கிலோமீற்றர் ஓடியிருக்கிறது, இது சரியா?

கேள்வி (கல்லடி)
அண்ணாமார், முன்பக்க பிரேக் பேட்டும் ஒயிலும் மாற்ற என் வேகன் ஆரை மட்டக்களப்பு டவுனில் ஒரு கராஜில் விட்டேன். விடும்போது மீற்றரைப் படம் பிடித்து வைத்திருந்தேன். பின்னேரம் எடுக்கப் போனால் 31 கிலோமீற்றர் கூடியிருக்கிறது. கேட்டதற்கு, "ஓடிப் பார்க்காமல் எப்படித் தங்கச்சி தருவது?" என்கிறார்கள். டவுனில் இருந்து காத்தான்குடி போய் வந்தாலும் இவ்வளவு வராதே. ஓடிப் பார்ப்பது உண்மையிலேயே தேவையா? பிரேக் பிடிக்கும்போது லேசாகக் கீச்சென்று ஒரு சத்தமும் கேட்கிறது.

பதில் (மெக்கானிக், ஆரையம்பதி)
தங்கச்சி, பிரேக்கில் கை வைத்தால் ஓடிப் பார்த்தே ஆக வேண்டும். பேட் மாற்றும்போது, பேட்டை அழுத்துகிற பிஸ்டனை உள்ளே தள்ளுவோம். அதற்குப் பிறகு முதல் மிதியில் பெடல் அடி வரைக்கும் போய்விடும். நின்ற இடத்திலேயே பல தடவை மிதித்து, இறுக்கம் வந்த பிறகுதான் வண்டியை அசைக்கவே வேண்டும். அப்புறம் ரோட்டில் மெல்லப் போய், பிடிக்கும்போது ஒரு பக்கம் இழுக்கிறதா, ஸ்டியரிங் நடுங்குகிறதா என்று பார்ப்போம். சில்லு பெயாரிங் இரைச்சலும் ஓட்டத்தில்தான் பிடிபடும், கோளாறு பார்க்கும் கம்பியூட்டர் ஸ்கேனரில் வராது. ஒயில் மட்டும் என்றால் ரோட்டுக்கு எடுக்கத் தேவையில்லை, எஞ்சினை இயக்கி ஒழுக்குப் பார்த்தால் போதும்.

ஆனால் 31 அநியாயம். என்னிடம் என்றால் நாலைந்து கிலோமீற்றரோடு முடிந்துவிடும். எங்கே கொண்டுபோனார்கள் என்று கட்டாயம் கேளுங்கள்.

பதில் (களுவாஞ்சிகுடி)
காப்புறுதியையும் பாருங்கள் அக்கா. மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் இருந்தால், கராஜ் பொடியன் எங்காவது கொண்டுபோய் இடித்தாலும் உங்கள் காரின் சேதத்துக்கு ஒரு சதமும் வராது. முழுக் காப்புறுதி என்றால், கராஜ்காரர் ஓட்டும்போது செல்லுமா என்று கம்பனியில் கேளுங்கள். நான் வண்டியை விடும்போதே மீற்றர் கணக்கை வேலைச்சீட்டில் எழுதுவித்து, 'நான் வந்த பிறகே ஓடிப் பார்க்கவும்' என்றும் எழுதச் சொல்வேன். இதுவரை யாரும் கோபித்ததில்லை.

கேள்வி கேட்டவர்
நன்றி. முழுக் காப்புறுதிதான், நாளைக்கே கேட்கிறேன். அந்தக் கீச் சத்தம்?

பதில் (மெக்கானிக், ஆரையம்பதி)
புதுப் பேட், சில்லோடு சுற்றும் டிஸ்க்கில் பதியும் வரை கொஞ்சம் சத்தம் வரலாம். அதுவரை சடுதியாக அழுத்திப் பிடிக்காமல் ஓடுங்கள். ஓரிரு நூறு கிலோமீற்றர் போயும் நிற்காவிட்டால் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், பேட்டைப் பிடித்து வைக்கும் கிளிப் சரியாக விழாமல் இருக்கலாம். இரும்பு உரசுவது போல் கேட்டால் மட்டும் பொறுக்க வேண்டாம், உடனே போங்கள். ஓடிப் பார்க்கும்போது நீங்களும் ஏறி இருந்து, எந்தப் பக்கம் கேட்கிறது என்று காட்டுங்கள்.