வண்ணப் படத்தை நம்பிக் கம்பியைக் குறைக்கலாமா?

செராஸ் வடிவமைப்பாளர்:
மேல்மாடித் தூண்களைத் தாங்கும் தடித்த தளம் ஒன்றுக்கு, அதை வலைபோல் சிறு கண்களாகப் பிரித்துக் கணக்கிட்டு விடையை வண்ணப் படமாகக் காட்டும் ஃபைனைட் எலிமெண்ட் மென்பொருள் சொல்லும் கம்பி அளவு, எங்கள் மூத்தவரின் கைக்கணக்கைவிடக் குறைவாக உள்ளது. கைக்கணக்கு தளத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்துப் பார்க்கிறது. மென்பொருளோ சுமை இரு திசையிலும் பரவுவதைக் கணிக்கிறது. ஆகவே மென்பொருளின் விடையை ஏற்பதே முறை என்கிறேன்.

பிறை தளப் பொறியாளர்:
ஐயா, உங்கள் மென்பொருளில் இருக்கும் கான்கிரீட்டுக்கு விரிசல் என்பதே கிடையாது. கான்கிரீட்டைத் தற்காலிகமாகத் தாங்கும் முட்டுகளைக் கழற்றியதும், என் கட்டுமான இடத்தில் இருக்கும் கான்கிரீட்டுக்கு உண்டு. உங்கள் மென்பொருள் செய்யும் நேர்கோட்டுப் பகுப்பாய்வு இழுவிசையையும் அமுக்கவிசையையும் ஒரே கண்ணால் பார்க்கிறது. அமெரிக்க ஏசிஐ 318 விதிநூல் விரிசலைக் கருதி உத்திரத்தின் விறைப்பை, அதாவது வளையாமல் எதிர்க்கும் தன்மையை, 0.35 மடங்காகவும், தூணுக்கு 0.70 மடங்காகவும் குறைக்கச் சொல்வது வீணுக்கா? 1991 ஆகஸ்டு 23 அன்று நார்வேயில் மூழ்கிய ஸ்லைப்னர் ஏ எண்ணெய்மேடையின் கான்கிரீட் அடித்தளத்தையும் இதே முறையில்தான் கணக்கிட்டார்கள். வட்ட அறைகள் கூடும் மூலையில் வெட்டுத்தகைவு (கான்கிரீட்டை வெட்டி நழுவச்செய்யும் தகைவு) 47 விழுக்காடு குறைவாகக் கணிக்கப்பட்டது.

செராஸ் வடிவமைப்பாளர்:
அந்தக் கதையின் மறுபாதியை விட்டுவிட்டீர்கள். விபத்துக்குப் பின் நுண்ணிய வலையமைத்து அதே முறையில் கணக்கிட்டபோது, சுவர் 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்று விடை வந்தது. உண்மையில் உடைந்தது 65 மீட்டரில். பிழை கண்கள் பெரிதான முரட்டு வலையிலும், கான்கிரீட்டைப் பற்றிக்கொள்ளப் போதிய நங்கூர நீளமில்லாத கம்பியிலும் இருந்தது; முறையில் அல்ல.

பிறை தளப் பொறியாளர்:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நுண்ணிய வலை தேவை என்பது மேடை மூழ்கிய பிறகுதானே தெரிந்தது? உங்கள் தளத்தில் தூணைப் புள்ளியாக வைத்தீர்களா, அகலத்தோடு வைத்தீர்களா? புள்ளியாக வைத்தால் வலையைச் சிறிதாக்கச் சிறிதாக்க, அங்கே மொமண்ட் (தளத்தை வளைக்கும் விளைவு) நிற்காமல் ஏறும். வலையைப் பாதியாக்கி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். தாங்குவிசைகளின் கூட்டுத்தொகை மொத்தச் சுமைக்குச் சமமா என்பதையும் பாருங்கள். இதற்கு ஒரு கால்குலேட்டர் போதும்.

செராஸ் வடிவமைப்பாளர்:
பார்த்துவிட்டேன். கூட்டுத்தொகை சரியாக இருக்கிறது. நடுப்பகுதி மொமண்ட் அசையவே இல்லை. ஆனால் தூணைப் புள்ளியாகத்தான் வைத்திருந்தேன், அதன் விளிம்பில் வெட்டுவிசை கணிசமாக ஏறிவிட்டது. எனவே தூண் தளத்தைத் துளைத்து உடைக்கும் துளைவெட்டுக்கு மூத்தவரின் கணக்கையே எடுக்கிறேன். நடுப்பகுதிக் கம்பியில் மட்டும் மென்பொருளின் பக்கம்தான் நிற்கிறேன்.

பிறை தளப் பொறியாளர்:
அந்த நடுப்பகுதியின் தொய்வை விரிசல் விட்ட விறைப்போடு கணக்கிட்டு எண்ணை இங்கே இடுங்கள். முட்டுக் கழற்றும் நாளில் நான் அளக்கப்போவது அதைத்தான்.