பாண்டாஸ்: நெடுவரிசை கண்ணெதிரே இருக்கு, புள்ளி வச்சுக் கூப்பிட்டா இல்லைங்குது

மழைக்குருவி:
வணக்கம். ஜப்பான் கிளையன்ட் ஒருத்தரோட பைத்தான் நிரல் எங்க டீம் கைக்கு வந்திருக்கு. மாறிப் பெயர்கள் பாதி ஜப்பானிய எழுத்துல, அது பழகிடுச்சு. சிக்கல் வேற. பணப் பரிமாற்ற சிஎஸ்வி கோப்பைப் பாண்டாஸ்ல (அட்டவணைத் தரவுக்கான பைத்தான் நூலகம்) படிக்கிறேன். அதுல "ஃபுரிகானா"ன்னு ஒரு நெடுவரிசை, பெயரை எப்படி உச்சரிக்கணும்னு எழுதுற கட்டம். தலைப்பு அரையகலக் கட்டகானால, அதாவது ஜப்பானிய ஒலியெழுத்தோட ஒல்லி வடிவத்துல இருக்கு. சதுர அடைப்புக்குள்ள மேற்கோள் போட்டுக் கேட்டா தரவு வருது. அதே பெயரைப் புள்ளி வச்சுக் கேட்டா ஆட்ரிபியூட் எரர். கோப்பிலிருந்தே நகலெடுத்துத்தான் ஒட்டினேன். ரெண்டு நாளா மண்டை காயுது.

டீக்கடை_பெஞ்ச்:
என்கோடிங்தான் ப்ரோ, எழுத்தை பைட்டா சேமிக்கிற முறை. ஜப்பான் எக்செல்ல இருந்து வந்த கோப்புன்னா பெரும்பாலும் சிபி932ங்கிற ஜப்பானிய என்கோடிங். யூடிஎஃப்-8னு திறந்திருப்பீங்க.

மழைக்குருவி:
சிபி932 கொடுத்துத்தான் திறக்கிறேன், எழுத்து சுத்தமா வருது. என்கோடிங் தப்புன்னா சதுர அடைப்பும் சொதப்பணுமே?

பனையோலை:
எரர் செய்தியில் வரும் பெயரை நகலெடுத்து, எழுத்துகளை எண்ணும் லென் போட்டுப் பாருங்கள். நெடுவரிசைப் பெயருக்கும் போடுங்கள்.

மழைக்குருவி:
அண்ணே, எரர்ல 4, நெடுவரிசையில 5! உத்துப் பார்த்தா எரர்ல இருக்கிறது கொஞ்சம் குண்டா வேற இருக்கு.

பனையோலை:
அந்தக் குண்டுதான் ஆள். நீங்கள் ஒட்டியது அரையகலம், பைத்தான் தேடியது முழுஅகலம்.

அரையகலக் கட்டகானா 1969ல் வந்த ஜப்பானியத் தரக்குறியீட்டின் மிச்சம். எழுத்துக்கு ஒரே பைட், அதில் "கா" (ga) என்ற ஒலிப்புள்ள எழுத்துக்கு இடமில்லை. அதனால் ஒலிப்பில்லாத "கா" (ka) போட்டு, பக்கத்தில் ஒலிப்புக் குறியைத் தனி எழுத்தாக வைத்தார்கள். முழுஅகலத்தில் இரண்டும் சேர்ந்து ஒரே எழுத்து. உங்கள் 5 எழுத்து 4 ஆனது அங்கேதான்.

மாற்றியது யார் என்றால் பைத்தானே. ஆங்கிலம் அல்லாத எழுத்துகளைப் பெயர்களில் அனுமதித்த பெப் 3131 என்ற பைத்தான் வடிவமைப்பு ஆவணம், நிரலில் உள்ள பெயர்களையெல்லாம் என்எஃப்கேசி என்ற சீரான யூனிகோட் வடிவத்துக்கு மாற்றிவிடச் சொல்கிறது. மேற்கோளுக்குள் இருக்கும் சரத்தை அது தொடாது. அதனால்தான் சதுர அடைப்பு பிழைத்தது. பெயரைச் சரமாகக் கொடுத்து, புள்ளி செய்யும் வேலையையே செய்யும் கெட்ஆட்டரைக் கூப்பிடும் இடங்களிலும் இதே பொறி காத்திருக்கும், தேடிப் பாருங்கள்.

கோப்பைப் படித்த கையோடு நெடுவரிசைப் பெயர்களை மட்டும் பைத்தானின் யூனிகோட்டேட்டா தொகுதியில் உள்ள நார்மலைஸ் வழியாக என்எஃப்கேசி ஆக்குங்கள். உள்ளே இருக்கும் தரவில் கை வைக்காதீர்கள். ஜப்பானிய வங்கிப் பரிமாற்றக் கோப்பில் கணக்குப் பெயர் அரையகலத்தில்தான் போக வேண்டும். தவிர, வட்டத்துக்குள் இருக்கும் 1 வெறும் 1 ஆகிவிடும், திரும்பி வராது.

ஒற்றைக்கொம்பு:
ஜாவாஸ்கிரிப்ட் இந்த மாற்றத்தைச் செய்யாது. அங்கே அரையகலம் ஒரு மாறி, முழுஅகலம் இன்னொரு மாறி, கேள்வியே கேட்காது. கோ மொழி கதை இன்னும் தமாஷ்: பெரிய எழுத்தில் தொடங்கும் பெயர்தான் பொதிக்கு (பேக்கேஜ்) வெளியே தெரியும், ஜப்பானியத்தில் பெரிய எழுத்தே கிடையாது. நம்ம பாடு அதைவிட மோசம். கொம்பு, கால், புள்ளி எதையும் கோ எழுத்தாகவே மதிக்காது. "விலை"ன்னு ஒரு மாறி வைக்க முடியாது, "கட"ன்னு வைக்கலாம்!

மழைக்குருவி:
தலைப்பை மட்டும் மாத்தினேன், ஓடிடுச்சு. ரொம்ப நன்றிண்ணே. கெட்ஆட்டரும் மூணு இடத்துல இருந்துச்சு.

கையோட இன்னொண்ணு: ஒரு மாறிப் பெயருக்கு நடுவுல கட்டகானா நடுப்புள்ளி இருக்கு, ரெண்டு வெளிநாட்டுச் சொல்லைப் பிரிக்கப் போடுவாங்களே, அது. கிளையன்ட் கணினியில ஓடுது, எனக்கு செல்லாத எழுத்துன்னு சின்டாக்ஸ் எரர். இதுவும் அகலப் பிரச்சினையா?

பனையோலை:
இல்லை, இது வயசுப் பிரச்சினை. அந்தப் புள்ளியைப் பெயரின் நடுவில் வரலாம் என்று யூனிகோட் சேர்த்துக்கொண்டது 15.1 பதிப்பில், 2023ல். பைத்தான் 3.13 அந்தப் பதிப்பின் எழுத்துப் பட்டியலை வைத்திருக்கிறது, 3.12ல் இருப்பது 15.0. உங்களிடம் எது?

மழைக்குருவி:
3.12. அவங்க 3.13. சர்வரும் 3.12தான், இப்போதைக்கு மாத்த விட மாட்டாங்க. புள்ளியை எடுத்துட்டு அடிக்கோடு போடுறேன், 41 இடம் இருக்கு.