வெள்ளத்தில் நின்ற ஹைலக்ஸ்: சேசிஸை வீட்டிலேயே பற்றவைக்கலாமா?

மாக்மண்டின்காரர்:

அனைவருக்கும் வணக்கம். என் சிற்றப்பா ஓட்டிய 1990ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், ஒற்றைக் கேபின், 2.4 லிட்டர் டீசல், இப்போது என் வீட்டுப் பின்புறக் கொட்டகையில் நிற்கிறது. 2017 நவம்பர் தொடக்கத்தில் பினாங்கைப் புரட்டிப்போட்ட புயல்மழையில் ஒரு மரம் அதன் கூரைமேல் சாய்ந்தது. விடிவதற்குள் வெள்ளம் சக்கரங்களின் பாதியைத் தாண்டியிருந்தது. என்ஜினுக்குள் நீர் போகவில்லை. ஆனால் பின் அச்சின் எண்ணெய் வெளுத்துக் குழம்பி வந்தது. வலப்பக்கச் சேசிஸில் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தில்), பின் லீஃப் ஸ்பிரிங்கின் முன்முனையைத் தாங்கும் இடத்துக்கு மேலே, கட்டைவிரல் நுழையும் அளவுக்குத் துரு ஓட்டை விழுந்திருக்கிறது.

நசுங்கிய கூரையை மாற்றுவதும் சரக்குப் பெட்டியின் தரையைச் செப்பனிடுவதும் என் கைக்கு எட்டும் வேலைகள். வாயு இல்லாத கம்பியிலும் ஓடும் சிறிய மிக் வெல்டிங் இயந்திரம், கிரைண்டர், லோரோங் கூலிட் சந்தையில் வாங்கிய பழைய ஜாக்கிகள், தாங்கிகள் ஆகியவை என்னிடம் உள்ளன. சேசிஸ் ஓட்டையையும் நானே தகடு வைத்து அடைத்துவிடலாமா?

பழைய போமன், ஜெலுத்தோங்:

தம்பி, கூரையைப் பற்றி எனக்கு மறுப்பே இல்லை. கூரையில் செய்த வேலை சரியில்லை என்றால் மழை ஒழுகும், பார்ப்பவர் சிரிப்பார், அவ்வளவுதான். சேசிஸ் அப்படியில்லை. நீங்கள் குறிப்பிடும் இடத்தில் பின் அச்சின் மொத்தத் தள்ளுவிசையும், பிரேக் பிடிக்கும்போது எதிர்த்திசையில் வரும் இழுவிசையும், ஏற்றிய சரக்கின் பாரமும் ஒன்றுசேர்ந்து இறங்குகின்றன. அந்தத் தாங்கி கிழிந்தால் அச்சு ஒரு பக்கம் பின்வாங்கும். ஸ்டீயரிங் நேராக இருக்கும்போதே வண்டி தானாகத் திரும்பும். பினாங்குப் பாலத்தின் நடுவில் அப்படி நடந்தால், இடப்பக்கத் தடத்தில் காப்சாயில் (சிறு மோட்டார் சைக்கிளில்) வருபவர் என்ன பாவம் செய்தார்?

இன்னொன்றையும் யோசியுங்கள். வெள்ளம் வடிந்தபோது அதன் வண்டல் சேசிஸின் மூடிய பெட்டிப் பகுதிகளுக்குள் தங்கியிருக்கும். அந்த மண் ஆண்டுக்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்து, இரும்பை உள்ளிருந்து தின்றிருக்கும். வெளியே தெரியும் ஓட்டை, துரு கடைசியாக எட்டிப் பார்த்த இடம் மட்டுமே. அதன் மேல் ஒரு தகட்டை ஒட்டுவது நோயை மூடி வைப்பதாகும். வேறு எதற்கும் முன்னால், அந்தச் சந்தைத் தாங்கிகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியவை வாங்குங்கள்.

செந்தூல் பற்றவைப்பாளர்:

போமன் ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன். முடிவை ஏற்க இயலவில்லை. செந்தூல் இரயில் பட்டறையில் பல ஆண்டுகள் பற்றவைப்பாளராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நல்ல பற்றவைப்பு கொட்டகையிலும் அமையும், மோசமான பற்றவைப்பு பெயர்ப்பலகை தொங்கும் கடையிலும் அமையும். துருவின் மேலேயே தகட்டைச் சாத்தி, அடிப்பூச்சுக் கறுப்பைத் தடவி அனுப்பிய கடை வேலைகளை நான் வெட்டி எடுத்திருக்கிறேன்.

முறை இதுதான். சரக்குப் பெட்டியின் போல்ட்டுகளைக் கழற்றி அதை முழுவதுமாக இறக்குங்கள். டீசல் தொட்டியையும் கழற்றி வெளியே வையுங்கள். டீசல் பெட்ரோலைப் போல் எளிதில் பற்றாது என்றாலும், சூடேறிய காலித் தொட்டியின் ஆவியை நம்ப முடியாது. பேட்டரியின் இணைப்பை எடுத்துவிடுங்கள். பிறகு வட்டத்தலைச் சுத்தியலால் சேசிஸை முன்னிருந்து பின்வரை தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்த இரும்பு மந்தமாக ஒலிக்கும். மந்தமான இடத்தையெல்லாம் கூரான ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்து, சாக்கட்டியால் குறியிடுங்கள்.

வெட்டுவதற்கு முன் அளவெடுக்க வேண்டும். இரு பக்கமும் பொருந்தும் துளைகளிலிருந்து தூக்குக்குண்டு தொங்கவிட்டு, சிமெண்டுத் தரையில் புள்ளி குறித்து, மூலைக்கு மூலை குறுக்களவுகளை ஒப்பிடுங்கள். பின் சட்டம் அசையாதபடி கோண இரும்பால் தற்காலிகக் கட்டு போட்ட பிறகுதான் அரித்த பகுதியைப் பளபளக்கும் இரும்பு தெரியும்வரை வெட்ட வேண்டும். மாற்றுத் தகடு பழைய தகட்டின் தடிமனிலேயே இருக்கட்டும்; தடித்த தகடு வைத்தால் வலுக்கூடும் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் வளையாத அந்தத் துண்டுக்குப் பக்கத்தில்தான் சட்டம் பிறகு விரிசல் விடும். வெளியிலிருந்து வலுவூட்டும் தகட்டின் இரு முனைகளும் சாய்சதுரத்தின் முனைபோல் கூராக முடிய வேண்டும். செங்குத்தாக முடிந்தால், வெப்பத்தால் குணம் மாறிய உலோகம் முழுவதும் ஒரே கோட்டில் நிற்கும். சட்டம் ஒவ்வொரு முறை முறுக்கப்படும்போதும் சுமை அந்தக் கோட்டைத் தேடிப் போகும். மேல், கீழ் விளிம்புகளின் குறுக்கே பற்றவைப்பு ஓடவே கூடாது.

பழைய போமன், ஜெலுத்தோங்:

நீங்கள் எழுதிய ஒரு வரியையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அதைச் செய்யப்போவது நீங்கள் இல்லையே! மேசைமேல் வைத்த தகட்டில் அழகாக ஓடும் பற்றவைப்பு, வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, பொறி கழுத்துக்குள் விழும்போது ஓடாது. மேல்பரப்பு வழவழப்பாகத் தெரிந்தும் உள்ளே பிடிக்காமல் குளிர்ந்துபோன பற்றவைப்பைப் பார்வையால் கண்டுபிடிக்கவும் முடியாது. வாயு இல்லாத கம்பியில் கசடு உள்ளே சிக்கிக்கொள்ளும் வாய்ப்பும் இருக்கிறது.

செந்தூல் பற்றவைப்பாளர்:

கம்பியைக் குறை சொல்லாதீர்கள், ஐயா. சேசிஸ் தடிமனுக்கு அந்தக் கம்பி நன்றாகவே ஊடுருவும். திறந்த கொட்டகையில் காற்றடித்தாலும் வாயுக் கவசம் கலையும் கவலையில்லை. அது பொருந்தாத இடம் கேபின். ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய கூரைத் தகட்டை அது ஓட்டையாக்கிவிடும், அங்கே 0.6 மில்லிமீட்டர் கம்பியும் வாயுவும் வேண்டும், தொடர்ந்து ஓட்டாமல் புள்ளி புள்ளியாக இடம் மாற்றி வைக்க வேண்டும். பயிற்சி பற்றிய உங்கள் கருத்து மட்டும் சரி. அதே தடிமனுள்ள பழைய இரும்புத் துண்டுகளை அவர் படுத்த நிலையில் பற்றவைத்து, பிடிப்புக்கருவியில் மாட்டிச் சுத்தியலால் மடக்கிப் பார்க்கட்டும். பற்றவைப்பு பிரிந்தால் சேசிஸுக்கு வரக் கூடாது.

மாக்மண்டின்காரர்:

இந்தத் தகராறு இல்லாமல், வெட்டிய பழைய வண்டிப் பாகங்களை விற்கும் ஹாஃப் கட் கடையில் நல்ல சேசிஸ் ஒன்றையே வாங்கி மாற்றிவிட்டால் என்ன?

கிள்ளான் கிரான்காரர்:

அங்கேதான் பெரிய சிக்கல். ஹைலக்ஸின் சேசிஸ் எண், முன் வலச்சக்கரத்துக்கு அருகே சட்டத்திலேயே பொறிக்கப்பட்டது. கேபினை மாற்றலாம், கதவை மாற்றலாம். என்ஜினைக்கூட ஜேபிஜேயிடம் (சாலைப் போக்குவரத்துத் துறையிடம்) அறிவித்து, பரிசோதனை முடித்து மாற்றலாம். சட்டத்தை மாற்றினால் உங்கள் கிரானில் (வண்டிப் பதிவு ஆவணத்தில்) உள்ள எண் வண்டியில் இருக்காது. பழைய எண்ணை வெட்டிப் புதிய சட்டத்தில் ஒட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அவரிடமிருந்து திருகாணிகூட வாங்காதீர்கள், அது குற்றம். வண்டி இன்னும் சிற்றப்பா பெயரில் இருந்தால், உரிமை மாற்றத்துக்கான பரிசோதனையில் முதலில் பார்ப்பதே அந்த எண்ணைத்தான். ஆகவே துருவை உரசும்போது அந்தப் பகுதியில் கிரைண்டர் படக் கூடாது. மென்மையான தூரிகையும் துருநீக்கித் திரவமும் போதும்.

ஆயர் ஈத்தாம் அமுதா:

அண்ணன்மார் இருவரும் சேசிஸிலேயே நிற்கிறீர்கள். சாயத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. இரண்டு கலவைச் சாயத்தின் கடினமாக்கியில் ஐசோசயனேட் உண்டு. சாதாரணக் கரித்துகள் முகமூடியை நம்பி அதைத் தெளித்தால் நிரந்தர ஆஸ்துமாவை வீட்டுக்குள் அழைத்து வருவீர்கள், பக்கத்து வீட்டுக்காரருக்கும் பங்கு கொடுப்பீர்கள். வெளிக்காற்றைக் குழாய் வழியே தரும் முகக்கவசம் இல்லாதவர் அதைத் தொட வேண்டாம். என்னைக் கேட்டால், சேசிஸ் வேலையை வீட்டில் செய்வதைவிடச் சாயத்தை வீட்டில் தெளிப்பதுதான் பெரிய அசட்டுத் துணிச்சல். தூரிகையால் எபாக்சி அடிப்பூச்சு பூசி, மேல்சாயத்தைக் கடைக்கு விட்டுவிடுங்கள்.

மாக்மண்டின்காரர்:

சாயம் கடைக்கே போகும், அக்கா. சரக்குப் பெட்டியை இறக்கிவிட்டேன், புதிய தாங்கிகளும் வாங்கிவிட்டேன். துளை வழியே கைப்பேசியில் மாட்டும் சிறு கேமராவை விட்டுப் பார்த்ததில், இடப்பக்கம் முழுவதும் உறுதியாக இருக்கிறது. தட்டினாலும் நல்ல ஒலி வருகிறது. வலப்பக்கத்திலிருந்து ஒரு வாளி மண் வந்தது. அரிப்பு ஸ்பிரிங் தாங்கியிலிருந்து அடுத்த குறுக்குச் சட்டத்தின் இணைப்பு வரை நீள்கிறது. பின் பிரேக்கின் அழுத்தத்தைச் சுமைக்கேற்ப மாற்றும் வால்வின் நெம்புகோலும் துருவில் இறுகிக் கிடக்கிறது.

பழைய போமன், ஜெலுத்தோங்:

குறுக்குச் சட்டம் வரை போயிருந்தால் அது ஒட்டுத் தகட்டின் எல்லையைத் தாண்டிவிட்டது. தாங்கியைக் கழற்றி, அந்த நீளத்தை முழுவதும் புதிதாகச் செய்ய வேண்டும். சட்டத்தை மட்டும் நேராக ஏற்றி, தகுதிச் சான்றுள்ள பற்றவைப்பாளரிடம் கொண்டுபோங்கள். வால்வைத் தட்டித் திறக்காதீர்கள், மாற்றிவிடுங்கள். பின் பிரேக் குழாய்களும் அதனோடு போகட்டும்.

செந்தூல் பற்றவைப்பாளர்:

நீளம் கூடியது என்பதில் ஐயாவோடு உடன்படுகிறேன். ஆனால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. கட்டுப் போட்ட நிலையில் அங்கேயே இருக்கட்டும், சான்றுள்ளவர் இயந்திரத்தோடு கொட்டகைக்கு வரட்டும். ஏற்றி இறக்கும்போது அரித்த சட்டம் வளைந்தால் எடுத்த அளவெல்லாம் வீண்.

கிள்ளான் கிரான்காரர்:

யார் செய்தாலும், இன்னொரு வண்டியின் பின்பாதியை வெட்டி இணைக்க விடாதீர்கள். 'பொத்தோங் சம்புங்' (இரு வண்டிகளை வெட்டி ஒன்றாக இணைத்தது) என்ற சந்தேகம் வந்தால் வண்டி பறிமுதலாகலாம். புதுத் தகட்டிலிருந்து செய்ததற்குப் படங்களும், இரும்புக் கடை இரசீதும், பற்றவைத்தவரின் கடிதமும் கைவசம் இருக்கட்டும்.

மாக்மண்டின்காரர்:

அளவெடுப்பது, கட்டுப் போடுவது, வெட்டுவது, தகடு வடிவமைப்பது என் வேலை. சேசிஸ் பற்றவைப்பு சான்றுள்ளவர் வேலை, அதுவும் இங்கேயே. போமன் ஐயா, பட்டர்வொர்த் பக்கம் கொட்டகைக்கு வந்து செய்யக்கூடியவர் யாரையாவது தெரிந்தால் தனிச்செய்தியில் சொல்லுங்கள்.

பழைய போமன், ஜெலுத்தோங்:

அனுப்பியிருக்கிறேன். கொட்டகையில் செய்வது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. அவர் வருவதற்கு முன் குறுக்களவுகளை எனக்கு எழுதியனுப்புங்கள்.