புதுப்பிப்பு: 800 ஃபில் டவுன் ஸ்வெட்டர், அன்னபூர்ணா போய் வந்த பிறகு

நவம்பரில் நேபாளத்தில் அன்னபூர்ணா பேஸ் கேம்ப் வரை மலையேறிப் போக வாத்துத் தூவி (டவுன்) அடைத்த மெல்லிய ஸ்வெட்டர் போதுமா, செயற்கைப் பஞ்சு வைத்ததை வாங்கட்டுமா என்று செப்டம்பரில் கேட்டிருந்தேன். தூவியையே வாங்கினேன். 800 ஃபில் (தூவி எவ்வளவு உப்பும் என்பதற்கான அளவு), தொப்பி இல்லாதது, எடை 290 கிராம்.

போதும். ஆனால் நடக்கும்போது போடுகிற உடுப்பு இல்லை இது. வழியில் வரும் சோம்ரோங் கிராமத்துப் படிகளில் காலைக் குளிருக்குப் பயந்து போட்டுக்கொண்டே ஏறினேன். அரை மணியில் முதுகுப் பக்கம் வியர்வையில் தூவி கட்டிகட்டியாகிவிட்டது. தூவிக்குள் அடைபட்ட காற்றுதான் சூட்டைக் காக்கிறது. நனைந்து ஒட்டிக்கொண்டால் அந்தக் காற்றுக்கு இடமே இல்லை. அப்புறம் ஏறும்போது ஃப்ளீஸ் (மெத்தென்ற செயற்கை இழைச் சட்டை) மட்டும், நின்றவுடன் ஸ்வெட்டர் என்று மாற்றிக்கொண்டேன். உடம்பு ஆறுவதற்குள் போட்டுவிட வேண்டும், அது முக்கியம்.

பேஸ் கேம்பில், 4,130 மீட்டர் உயரத்தில், விடியலுக்குக் காத்திருந்தபோது காற்று பலமாக அடித்தது. மேலே மழைக்கோட்டைப் போட்டதும் குளிர் அடங்கியது. அந்த மழைக்கோட்டை ஓர் அளவு பெரிதாக எடுங்கள். இறுக்கமாக இருந்தால் தூவி அமுங்கிவிடும்.

சரி, எத்தனை ஃபில் வேண்டும் என்று கேட்டவருக்கு: 800 என்றால் ஓர் அவுன்ஸ் தூவி 800 கன அங்குலம் உப்பும், அவ்வளவுதான். உள்ளே எத்தனை கிராம் தூவி இருக்கிறது என்றும் பாருங்கள். என்னுடையதில் 90 கிராம்.

வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்து எடுத்து ஹேங்கரில் தொங்கவிட்டேன். மாதக்கணக்கில் அமுக்கி வைத்தால் உப்பும் தன்மை குறைந்துவிடும்.