விக்டோரிய இலக்கியத் தாளுக்கு மார்க் போடுவது யார் கையில் இருக்க வேண்டும்?

கொழிஞ்சாம்பாறை மாமா

அக்கா மகள் கேரளத்தில், பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் படிக்கிறாள். பத்தாவது வரை தமிழ் மீடியம். போன செமஸ்டரில் விக்டோரிய இலக்கியம், அதாவது விக்டோரியா ராணி காலத்து ஆங்கில எழுத்து, ஒரு தாள். பல்கலைக்கழகம் நடத்தும் வெளித்தேர்வில் 70-க்கு 58, கல்லூரியிலேயே போடும் இன்டர்னலில் 30-க்கு 15. நன்றாகப் படிக்கிற பொண்ணுக்கு இது எப்படி என்று விசாரித்தால், டெஸ்ட்டில் குறையில்லை, அசைன்மென்ட்டும் நேரத்துக்குக் கொடுத்திருக்கிறாள். வகுப்பில் பங்கேற்பு, செமினார் இரண்டிலும்தான் அடி விழுந்திருக்கும் என்கிறாள்.

2024-ல் நான்காண்டுப் பட்டப்படிப்பு வந்தபோது பழைய 80-20 போய் 70-30 ஆனது. என் கேள்வி ஒன்றுதான். பாடம் எடுக்கிறவர் கையிலேயே இத்தனை மார்க்கைக் கொடுத்தது சரியா? கல்லூரிப் பெயர் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். பொண்ணு இன்னும் அங்கேதான் படிக்கணும்.

குப்பம் எல்லைக்காரன்

சரியே இல்லை அண்ணா. இங்கே ஆந்திரக் குப்பத்தில் வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, கொஞ்ச தூரம் பஸ் ஏறினால் கன்னடம். எங்கள் பிள்ளைகளைப் பேச்சைக் கேட்டு எடை போட்டால் எந்த வகுப்பிலும் அவர்கள் பாதி ஆள்தான். வெளித்தேர்வில் அந்தச் சிக்கல் கிடையாது. விடைத்தாளில் நம்பர் இருக்கும், பேர் இருக்காது. திருத்துகிறவருக்கு அவள் கொழிஞ்சாம்பாறையா கோட்டயமா என்று தெரியாது. உங்கள் பொண்ணு கணக்கையே பாருங்கள். முகம் தெரியாதவர் 58 போட்டார், தினமும் பார்க்கிறவர் பாதி போட்டார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அப்புறம் அசைன்மென்ட். அதை இப்போது யார் எழுதுகிறார்கள் என்று நமக்குத் தெரியாதா? நான் டியூஷன் எடுக்கிறவன். கவிஞர் டென்னிசனைப் பற்றி ஆறு பேர் கொண்டுவந்தால் ஆறிலும் ஒரே முதல் பத்தி, சாட்ஜிபிடி புண்ணியத்தில். அதற்கு மார்க் போட்டு என்ன ஆகப்போகிறது? இன்டர்னலை 10-க்குக் குறையுங்கள், மீதியை ஹாலில் உட்கார்ந்து எழுதட்டும்.

வேலந்தாவளம் சார்

வேல்யூவேஷன் கேம்ப்பில் உட்கார்ந்து தாள் திருத்தியவன் சொல்கிறேன். நீங்கள் சொல்வது இக்கரைக்கு அக்கரைப் பச்சை.

பிரவுனிங்கின் 'மை லாஸ்ட் டச்சஸ்' பற்றி ஒரு கட்டுரைக் கேள்வி. செத்துப்போன மனைவியின் படத்தைக் காட்டி ஒரு டியூக் பேசும் கவிதை அது. மார்க் போடும் ஸ்கீமில், டிராமாட்டிக் மோனோலாக் (ஒரு பாத்திரமே முழுக்கப் பேசும் கவிதை) என்று எழுதினால் இவ்வளவு, டியூக்கின் பொறாமைக்கு இவ்வளவு, கர்வத்துக்கு இவ்வளவு என்று பிரித்துப் போட்டிருக்கும். கைடைப் படித்தவன் அத்தனையையும் வரிசை மாறாமல் எழுதியிருப்பான். அந்தக் கட்டுக்குள் ஒரு தாள் வந்தது. ஆங்கிலம் தத்தக்கா பித்தக்கா. ஆனால் எழுதிய பிள்ளை, படத்தின் மேல் கிடக்கும் திரையைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தத் திரையை என்னைத் தவிர யாரும் விலக்குவதில்லை என்கிறான் அல்லவா டியூக்? மனைவி உயிரோடு இருந்தவரை யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்பது அவன் பிடியில் இல்லை. செத்த பிறகு, அவள் சிரிப்பை யார் பார்க்கலாம் என்பது அவன் இஷ்டம். இதை உடைந்த ஆங்கிலத்தில், நாலே வரியில் எழுதியிருந்தது. மேற்பார்வைக்கு உட்கார்ந்திருந்தவரிடம் காட்டினேன். 'நல்லாத்தான் இருக்கு, ஸ்கீமில் எந்தப் பாயின்ட்டுக்குக் கீழே வரும்?' என்றார். எங்கேயும் வராது.

என் வகுப்பில் அந்தப் பிள்ளை இருந்திருந்தால் இரண்டாவது வாரமே எனக்குத் தெரிந்திருக்கும். இன்டர்னல் எதற்கு என்றால் இதற்குத்தான்.

வாளையார் செக்போஸ்ட்

உங்கள் வகுப்பில் இருந்திருந்தால் சரி சார். எங்கள் வகுப்பில் இருந்திருந்தால் அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டருக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். மூன்று வருஷம் முடித்துப் போகும்போதுகூட என்னை வேறு யாரோ பேரில்தான் கூப்பிட்டார்கள்.

மறையூர்க்காரி

மாமா, பங்கேற்பு மார்க் ஏன் போனது என்று நான் சொல்கிறேன், நானும் அந்த வழியாக வந்தவள்தான். தாள் ஆங்கிலம், புத்தகம் ஆங்கிலம், ஆனால் டிஸ்கஷன் தொடங்கி ஐந்தாவது நிமிஷம் மலையாளத்துக்குப் போய்விடும். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, சூடு பிடித்தால் வாய்க்கு எது வருகிறதோ அதுதான் வரும். ஜோக்கும் அதில், எதிர்வாதமும் அதில். எங்களுக்கு மலையாளம் புரியாமல் இல்லை. கடையில் பேசுவோம், ஆஸ்பத்திரியில் பேசுவோம். தாமஸ் ஹார்டி தன் நாவலின் நாயகி டெஸ்ஸுக்கு நியாயம் செய்தாரா என்று அதில் வாதாட வராது. யோசித்து முடிப்பதற்குள் அடுத்த பேச்சு வந்துவிடும். மூணாறு எஸ்டேட்டிலிருந்து வந்தவர்களும் நானும் பின் பெஞ்சில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருப்போம். ரெஜிஸ்டரில் அதற்குப் பேர் பங்கேற்பு குறைவு.

சித்தூர், தேவிகுளம் தாலுகாக்களில் தமிழரை மொழிச் சிறுபான்மை என்று அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. எஸ்.எஸ்.எல்.சி. கேள்வித்தாள் தமிழிலும் அச்சாகிறது. டிகிரியில் கால் வைத்ததும் அதெல்லாம் மறைந்துபோகிறது.

இன்னொரு கூத்து. டிக்கன்ஸின் 'ஹார்ட் டைம்ஸ்' நாவல் எங்களுக்குப் பாடம். முதல் அத்தியாயங்களில் குதிரை என்றால் என்ன என்று, பள்ளி நடத்தும் கிராட்கிரைண்ட் கேட்பார். குதிரைகளோடு வளர்ந்த சர்க்கஸ்காரர் மகள் சிஸ்ஸிக்கு வாய் வராது. பிட்சர் என்ற பையன் எழுந்து நாலு கால், நாற்பது பல் என்று ஒப்பிப்பான். டிக்கன்ஸ் 1854-ல் யாரைப் பார்த்துச் சிரித்தார் என்று விளங்கவைத்துவிட்டு, பரீட்சையில் கிராட்கிரைண்டின் கல்விக் கொள்கையை விவரி என்று கேட்டு பாயின்ட் எண்ணி மார்க் போட்டார்கள். குப்பம் அண்ணா, உங்கள் வெளித்தேர்வில் பிட்சர்தான் பாஸ். சார், கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் பங்கேற்பு மார்க்கிலும் சிஸ்ஸிக்கு முட்டைதான்.

வேலந்தாவளம் சார்

கோபமில்லை அம்மணி. சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறாய். பேச்சுக்கு மார்க் போடுவதை நானும் ஒப்பவில்லை. வாசிப்புக்குப் போடச் சொல்கிறேன்.

ஆனால் பாயின்ட் எண்ணும் நோய் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1857-ல் கல்கத்தா, பம்பாய், மெட்ராஸ் பல்கலைக்கழகங்களை லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைத்தார்கள். தேர்வு நடத்துவது, பட்டம் கொடுப்பது, அவ்வளவுதான் வேலை. பாடம் நடத்துவது இணைப்புக் கல்லூரிகள். சொல்லிக்கொடுக்கிறவன் வேறு, மார்க் போடுகிறவன் வேறு என்ற ஏற்பாட்டுக்கு வேர் அங்கே இருக்கிறது. அதே காலத்தில் இங்கிலாந்திலும் கூத்து நடந்தது. 1862-ல், குழந்தைகள் வாசிப்பு, எழுத்து, கணக்குப் பரீட்சையில் தேறினால்தான் பள்ளிக்கு மானியம் என்று விதி கொண்டுவந்தார்கள். அதை எதிர்த்து எழுதியவர் மேத்யூ அர்னால்டு. கவிஞர் என்று மட்டும் நாம் படிக்கிற அந்த மனிதர் 1851-லிருந்து 1886 வரை பள்ளி இன்ஸ்பெக்டர். ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளைச் சோதித்தவரே இந்த முறையில் பாடம் இயந்திரமாகிவிடும் என்று சொன்னார். அவர் கவிதையைத்தான் கைடில் படித்து எழுதுகிறோம்.

குப்பம் எல்லைக்காரன்

அர்னால்டு சரி. அதே காலத்தின் இன்னொரு பக்கத்தையும் சொல்லுங்கள் சார். 1855-க்கு முன்னால் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிவில் சர்வீஸில் சேர டைரக்டர் யாராவது ஒருவருடைய தயவு வேண்டும். சிபாரிசு இருந்தால் பதவி. அதை உடைத்தது எது? எழுத்துத் தேர்வு. 1863-ல் முதல் இந்தியராக சத்யேந்திரநாத் தாகூர் உள்ளே நுழைந்தது யாருடைய நல்லபிப்பிராயத்தாலும் இல்லை, தாளில் எழுதியதால். உங்களைப் போல நாலு சார் இருக்கலாம். நாற்பது கல்லூரியில் அந்த 30 மார்க் யாருக்குப் போகும்? யார் அப்பாவைத் தெரியும், யார் எந்தக் கட்சி, யார் தினமும் குட் மார்னிங் சொல்கிறார்கள் என்று பார்த்துத்தான் போகும். கைடைப் படித்து எழுதுவது குறைதான். ஆனால் கைடு காசு கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும்.

மறையூர்க்காரி

அண்ணா, அந்த 1855 தேர்வில் கிரேக்கத்துக்கு 750, லத்தீனுக்கு 750, சமஸ்கிருதத்துக்கு 375, அரபிக்கு 375. நடந்தது லண்டனில். இந்தியாவிலும் நடத்த 1922 வரை ஆனது. பேர் தெரியாமல் திருத்தினால் போதும் என்கிறீர்கள். எதைக் கேட்பது, எதற்கு எவ்வளவு என்பதைத் தீர்மானிக்கிறவருக்கு முன்பே ஒரு முகம் தெரிந்திருக்கிறதே.

வாளையார் செக்போஸ்ட்

தங்கச்சி சிக்ஸர். சரி, சார், உங்கள் கையில் கொடுத்தால் இந்தத் தாளுக்கு எப்படித்தான் மார்க் போடுவீர்கள்? கதையாகச் சொல்லாமல் கேள்வியாகச் சொல்லுங்கள்.

வேலந்தாவளம் சார்

சொல்கிறேன். இன்டர்னலில் பங்கேற்பு என்ற பத்தியே வேண்டாம். வகுப்பில் நடத்தாத ஒரு பக்கம், உதாரணமாக ஜார்ஜ் எலியட் நாவலிலிருந்து, கையில் கொடுப்பேன். புத்தகம் திறந்திருக்கலாம், அகராதி வைத்துக்கொள்ளலாம், போன் கூடாது. ஒரு மணி நேரம். கதை சொல்கிறவர் எந்த வரியில் தன் பாத்திரத்தின் பக்கமிருந்து விலகுகிறார், எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இவ்வளவுதான் கேள்வி. சாட்ஜிபிடிக்கு வேலை இல்லை, கைடுக்கும் வேலை இல்லை. எதற்கு எத்தனை என்று முன்கூட்டியே போர்டில் எழுதிவிடுவேன். வரியைச் சரியாகக் காட்டினால் பாதி, காரணத்துக்கு மீதி. இலக்கணப் பிழைக்குக் கை வைக்க மாட்டேன். பிறகு ஐந்து நிமிஷம் எழுதியதைப் பற்றி வாய்மொழியாகக் கேட்பேன். மலையாளத்தில் சொல்லட்டும், தமிழில் சொல்லட்டும்.

குப்பம் எல்லைக்காரன்

முன்பாதி அருமை. பின்பாதி ஆகாது. ஆங்கில இலக்கியப் பட்டத்துக்குத் தமிழில் பதிலா? நாளைக்கு இன்டர்வியூவில் எவன் தமிழில் கேட்பான்? சலுகை கொடுத்தே பிள்ளைகளைக் கெடுக்காதீர்கள்.

மறையூர்க்காரி

வகுப்பு மலையாளத்தில் ஓடும்போது இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை அண்ணா.

ஆனால் எனக்கும் தமிழில் பதில் சொல்லும் உரிமை வேண்டும் என்றில்லை. யோசிக்க நேரம் கொடுங்கள். செமினாரை முதலில் எழுதிக் கொடுக்கவிடுங்கள், ஆங்கிலத்திலேயே. அதைப் படித்துவிட்டுக் கேள்வி கேளுங்கள். பட்டென்று பேசுகிறவளுக்கும் யோசித்துப் பேசுகிறவளுக்கும் ஒரே தராசு அப்போதுதான் வரும்.

குப்பம் எல்லைக்காரன்

அது நியாயம். ஆனால் சாருடைய கேள்வியை அறுபது பேருக்கு வைத்து, அறுபது விதமான பதிலைப் படித்து, அறுபது வைவா யார் எடுப்பார்கள்? மணிக்கணக்கில் கூலி வாங்கும் கெஸ்ட் லெக்சரரா? அவருக்கு அந்த நேரத்துக்குக் காசு யார் கொடுப்பார்கள்? இதற்குப் பதில் கிடைக்கிற வரை இன்டர்னல் 10-தான்.

வேலந்தாவளம் சார்

அதற்கு என்னிடம் பதில் இல்லை, நீங்கள் கேட்பது சரியான கேள்வி. அரசு ஆசிரியர் காலியிடத்தை நிரப்பாமல் மார்க்கை மட்டும் கல்லூரிக்கு மாற்றிவிட்டது.

மாமா, பொண்ணு விஷயத்துக்கு வருகிறேன். இன்டர்னல் மார்க்கைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவதற்கு முன்னால் மாணவருக்குக் காட்டியாக வேண்டும். குறை இருந்தால் துறை, கல்லூரி, பல்கலைக்கழகம் என்று மூன்று படி உண்டு. அவளுக்குக் காட்டினார்களா? பிரித்துப் போட்ட மார்க்கைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். வெளித்தேர்வு விடைத்தாளைப் பார்க்கும் உரிமை தகவல் அறியும் சட்டத்திலேயே உண்டு என்று 2011-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. இன்டர்னல் டெஸ்ட் தாளைத் திருப்பிக் கொடுப்பது அதைவிடச் சுலபம்.

கொழிஞ்சாம்பாறை மாமா

மொத்த மார்க்கைத்தான் காட்டியிருக்கிறார்கள், பிரித்துக் காட்டவில்லை. பொண்ணு கையெழுத்தும் போட்டிருக்கிறாள். எல்லோரும் போட்டார்கள், நானும் போட்டேன் என்கிறாள்.

குப்பம் எல்லைக்காரன்

கையெழுத்துப் போட்டாலும் பரவாயில்லை, எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். வாயால் கேட்டால் வாயாலேயே பதில் வரும். அவள் ஒருத்தி மட்டும் போகவேண்டாம், பின் பெஞ்சில் இருக்கிற மற்றவர்களும் சேர்ந்து ஒரே தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும்.

மறையூர்க்காரி

மனுவை ஆங்கிலத்தில் எழுதித் தர நான் ரெடி. மாமா, எந்தெந்தத் தலைப்பில் மார்க் குறைந்திருக்கும் என்று மட்டும் அவளிடம் கேட்டு இங்கே போடுங்கள், பெயர் வேண்டாம்.